பழைய கிட் ஹாம் ரேடியோவை மீண்டும் பேச வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்று வானொலியில் பேசும் பொழுதுபோக்காளர்கள், பழைய ஹீத்கிட் ட்ரான்ஸீவர் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்) ஒன்றை விலை பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது மாடல் எண்ணை. அது பாதிக் கேள்விதான். மாடல் ஒன்று, ஆண்டு ஒன்று, பெட்டிக்குள் வந்த பாகங்களும் அச்சு அசல் ஒன்றே. ஆனாலும் ஒரு செட் ஐம்பது ஆண்டு கழித்தும் கணீரென்று பேசுகிறது. இன்னொன்று கட்டி முடித்த நாளிலிருந்தே மக்கர் பண்ணியிருக்கிறது. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து வந்த கருவிக்கு ஒரே தயாரிப்பாளர். கிட் கருவிக்கு இரண்டு பேர்: பாகங்களையும் புத்தகத்தையும் அனுப்பிய கம்பெனி ஒன்று, சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து அதைக் கட்டிய முகம் தெரியாத மனிதர் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளின் கைவேலையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிட் என்றதும் ஹீத்கிட் பெயர் முன்னால் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. எட்வர்ட் ஹீத் நடத்திய கம்பெனி முதலில் விற்றது வானொலியை அல்ல, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறு விமானத்தை. 1931-இல் ஒரு சோதனைப் பறப்பில் அவர் இறந்தார். 1935-இல் ஹோவர்ட் ஆண்டனி அந்தக் கம்பெனியை வாங்கினார். பிற்பாடு அது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பரில் நிலைகொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி மின்னணுப் பாகங்கள் மலிந்து கிடந்தன. அவற்றை மொத்தமாக வாங்கிப்போட்டு, 1947-இல் ஓ-1 என்ற ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கிட்டை 39.50 டாலருக்கு விற்றார் ஆண்டனி. முழுதாகச் செய்த ஸ்கோப் ஒன்றை வாங்க வழியில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு அது கைக்கு எட்டியது. அதன் பின்னால் அளவுக் கருவிகள், ஹாம் கருவிகள், ஹைஃபை, தொலைக்காட்சி என்று வரிசையாக வந்தன. கம்பெனி பலமுறை கை மாறி, 1979-இல் ஜெனித்திடம் போய், 1992-இல் கிட் வியாபாரம் நின்றது.

ஹீத்கிட் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். சிகாகோவின் அல்லைட் ரேடியோ நைட்-கிட் என்ற பெயரில் விற்றது. நியூயார்க்கில் ஈக்கோ இருந்தது. மின்னசோட்டாவின் ஜான்சன் கம்பெனி வைக்கிங் ரேஞ்சர் போன்ற ட்ரான்ஸ்மிட்டர்களைக் கிட்டாகவும் கொடுத்தது, தானே கட்டியும் கொடுத்தது.

தரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகளின் சர்க்யூட் பெரும்பாலும் சிக்கனமானது. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே கட்டி வந்த உயர்தரக் காலின்ஸ் செட்டோடு பக்கத்தில் வைத்தால் டயல் துல்லியத்திலும் அலைவரிசை உறுதியிலும் கிட் தோற்கும். அதன் உண்மையான தரம் வேறோர் இடத்தில் இருக்கிறது: புத்தகத்தில். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிக் போட ஓர் அடைப்புக்குறி. ரெசிஸ்டரின் மதிப்போடு நிறப்பட்டைகளின் பெயரும் சேர்த்து எழுதியிருக்கும். ‘என்எஸ்’ என்றால் இப்போது சால்டர் வைக்காதே, இன்னும் கம்பி வரும். ‘எஸ்-2’ என்றால் அந்த முனையில் இரண்டு கம்பி இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்துப் பற்றவை. இவ்வளவு பொறுமையாக எழுதிய தொழில்நுட்பக் கையேடு இன்றைக்கும் அபூர்வம். ஏக்கம் என்று பலரும் சொல்வதில் பெரும்பங்கு, அந்தப் புத்தகத்தின் கைபிடித்து ஒரு வானொலியைத் தாமே கட்டினோம் என்ற பெருமிதத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

படி 1: எந்தச் செட்?

முதல் முறை இறங்குபவர் மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் பேசும் தந்தி முறை) மட்டும் போதுமென்றால் ஹெச்டபிள்யூ-8 நல்ல தொடக்கம். 1976-இல் வந்த சிறு ட்ரான்ஸிஸ்டர் செட்; 80, 40, 20, 15 மீட்டர் அலைநீளப் பட்டைகளில் ஏறக்குறைய இரண்டு வாட் தரும். உள்ளே உயர் மின்னழுத்தம் கிடையாது, ஆளைக் கொல்லாது. அதற்கு முந்தைய ஹெச்டபிள்யூ-7 அழகாக இருக்கும், ஆனால் ரிசீவர் அவ்வளவு சிலாக்கியமில்லை.

வால்வின் (ட்ரான்ஸிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) வெளிச்சம் வேண்டும், பேச்சும் வேண்டும் என்றால் ஹெச்டபிள்யூ-101. 1970-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் விற்ற செட். ஆண்டெனாவுக்குப் பவர் தரும் கடைசிக் கட்டத்தில் இரண்டு 6146 வால்வு. 80 முதல் 10 மீட்டர் வரை ஐந்து பட்டைகள். நிறைய விற்றதால் இன்றும் கிடைக்கிறது, உதிரிக்கென்று இன்னொரு செட்டே வாங்கிவிடலாம். முந்தைய ஹெச்டபிள்யூ-100 கிட்டத்தட்ட அதே சர்க்யூட்தான். டயல் சுழற்றும் பொறிமுறை மட்டும் தொல்லை, அதைத்தான் 101-இல் மாற்றினார்கள்.

எஸ்பி-100, 101, 102 வரிசை இதற்கு அண்ணன்மார். இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. எஸ்பி வரிசையில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர், எல்எம்ஓ என்பது, தொழிற்சாலையில் கட்டி, சீரமைத்து, மூடியே வந்தது. ஹெச்டபிள்யூ-101-இல் அதையும் வாங்கியவர்தான் கட்ட வேண்டும். கட்டியவர் தடுமாறினால் கெட்டுப்போகும் இடங்களில் மிகக் கொடியது அதுதான். ஆகவே முகம் தெரியாதவரின் செட் என்றால், விலை கூடினாலும் எஸ்பி பக்கம் சாய்வேன்.

ஏஎம் என்ற பழைய குரல் முறையில் பேச ஆசைப்படுபவருக்கு டிஎக்ஸ்-60 கைக்கு அடக்கம். ஒற்றை 6146, 90 வாட் உள்ளீடு. டிஎக்ஸ்-100 இன்னும் கம்பீரமானது, குரலை அலையில் ஏற்றும் முழு மாடுலேட்டர் உள்ளது. ஆனால் தனியாளாகத் தூக்க முயல வேண்டாம். ஈக்கோ 753 மலிவாகக் கிடைத்தால் அதற்கும் காரணம் உண்டு: அலைவரிசை நகர்வுக்கு அது பெயர் போனது.

செட்டின் பவரைப் பல மடங்காக்கும் எஸ்பி-200, எஸ்பி-220 போன்ற லீனியர் ஆம்ப்ளிஃபையர்களை முதல் வேலையாக எடுக்கவே கூடாது. உள்ளே இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

படி 2: கட்டியவரின் கையைப் படிப்பது

விற்பவர் ‘வேலை செய்கிறது’ என்று சொல்வது ஒரு தகவலும் இல்லை. அடிமூடியைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள்; நேரில் முடியாவிட்டால் அடிப்பக்கத்தின் தெளிவான படங்களைக் கேளுங்கள். முன்பலகை பளபளவென்று இருப்பதைவிட அடிப்பக்கம் சொல்வது அதிகம்.

நல்ல பற்றவைப்பு சிறியது, மினுமினுப்பானது, கம்பியின் உருவம் அதன் வழியே தெரியும், ஓரம் உள்வளைந்து தகட்டோடு இழையும். மங்கிச் சாம்பல் பூத்து உருண்டையாக நிற்பது டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத பற்றவைப்பு. உருண்டைகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, வாங்கலாம். எங்கு பார்த்தாலும் அப்படியே என்றால் நீங்கள் வாங்குவது செட்டை அல்ல, பல நாள் மறுவேலையை.

பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு முனைகளைச் சுற்றித் தெரிந்தால் அதைவிட மோசம். யாரோ குழாய் வேலைக்கான அமிலப் பசையைப் பூசிப் பற்றவைத்திருக்கிறார்கள். அமில ஃப்ளக்ஸ் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று ஹீத்கிட் புத்தகமே எச்சரித்தது. அதையும் மீறிச் செய்தவர் உண்டு. அந்த அரிப்பு கம்பிக்குள்ளேயே ஓடியிருக்கும். உதிரிக்கு மட்டும் வாங்குங்கள்.

அடுத்து திருகுகள். இது பலர் கவனிக்காதது. இந்தச் செட்களில் சர்க்யூட் பலகையின் எர்த் இணைப்பு, பலகையைச் சேஸிஸோடு (செட்டின் உலோகச் சட்டம்) பிடித்திருக்கும் திருகு வழியாகவே போகிறது. பல்வைத்த லாக் வாஷர் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. சேஸிஸின் மேற்பூச்சைக் கீறி உலோகத்தைத் தொடுவதற்கு. அது விடுபட்டிருந்தாலோ, திருகு ஆண்டாண்டாகத் தளர்ந்திருந்தாலோ, வரும் போகும் என்று கண்ணாமூச்சி ஆடும் கோளாறுகள் எல்லாம் வரும். ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்குவதாலேயே உயிர் பெற்ற செட்கள் ஏராளம்.

பலகைகளுக்கிடையே ஓடும் கம்பிக்கட்டு கம்பெனியிலிருந்தே கட்டி வந்தது. அது புத்தகப் படத்தில் உள்ளபடியே படிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். கட்டை அவிழ்த்து, நடுவில் வெட்டி, புதுக் கம்பி ஒட்டியிருந்தால் ஏதோ பெரிய பிழையைத் தேடி அலைந்திருக்கிறார்கள். முன்பலகையில் துளைத்த கூடுதல் ஓட்டை எல்லாமே கெட்ட சகுனமல்ல. சில மாற்றங்கள் அந்நாளில் ஹாம் இதழ்களில் வந்தவை, புத்திசாலித்தனமானவை. ஆனால் ஓட்டைக்குப் பின்னால் என்ன செய்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

டிக் போட்ட மூலப் புத்தகம் செட்டோடு வருகிறதென்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. எந்த வரியில் டிக் விடுபட்டிருக்கிறது, எங்கே ஓரத்தில் கேள்விக்குறி, எங்கே மதிப்பை அடித்து வேறு எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் பின்னால் கோளாறு தேடும்போது வழிகாட்டும். புத்தகம் மட்டும் தனியாகவும் கிடைக்கும், நகலாகவும் கிடைக்கும். ஏதோ ஒரு வடிவில் அது கையில் இல்லாமல் மேலே போகவே வேண்டாம்.

படி 3: உயிருக்கு ஆபத்து இல்லாமல்

ஹெச்டபிள்யூ-101-க்கும் எஸ்பி வரிசைக்கும் மின்சாரம் தரும் ஹெச்பி-23 பெட்டியின் உயர் முனையில் 700 வோல்ட்டுக்கு மேல் வரும். சுவிட்சை அணைத்தாலும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது தங்கும். தங்கியதை மெல்ல வடிக்க ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். 40 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் என்றால் காலமாறிலி (வோல்ட் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைய ஆகும் நேரம்) 4 வினாடி. அதன் ஐந்து மடங்கு, அதாவது 20 வினாடியில், 800 வோல்ட் ஆறு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். கணக்கு அழகுதான், ப்ளீடர் உயிரோடு இருக்கும்வரை. ஐம்பது வயது ரெசிஸ்டர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் கணக்கு உங்களைக் காப்பாற்றாது.

எனவே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அணைப்பது போதாது. ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, மறுகையில் மின்காப்புக் கைப்பிடியுள்ள கம்பியால், சில கிலோ ஓம் கொண்ட பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரைச் சேஸிஸுக்கு இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நேரடியாகத் தட்டிப் பொறி பறக்க விடுவது வீரம் அல்ல. கெப்பாசிட்டரும் கெடும், கண்ணும் போகலாம். பிறகு மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டு மட்டும் கை வையுங்கள். மீட்டர் 1000 வோல்ட் தாங்குமா என்பதையும் முன்பே பாருங்கள்.

சுவரிலிருந்து வரும் வயர் இரண்டு முனைப் பிளக்காக இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று முனையாக மாற்றுங்கள். எர்த் கம்பி சேஸிஸில் உறுதியாகத் திருகப்பட வேண்டும், பியூஸும் சுவிட்சும் ஃபேஸ் கம்பியில் வர வேண்டும். மின் உள்ளீட்டிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பழைய கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆனால் செட்டின் உடம்பே ஷாக் அடிக்கும். அவற்றை அதற்கென்றே பாதுகாப்புச் சான்றுள்ள ஒய் வகையாக மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் ‘அசல் நிலை’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று. அமெரிக்கச் செட்களின் டிரான்ஸ்பார்மர் 115 வோல்ட்டைச் சுற்றி வடிவமைத்தது. இன்றைய 120-க்கு மேற்பட்ட மின்சாரத்தில் வால்வின் இழை அதிகம் சூடாகி ஆயுள் குறையும். 230 வோல்ட் நாடுகளில் படியிறக்கும் டிரான்ஸ்பார்மர் எப்படியும் தேவை. அதை 115-க்கு அருகில் எடுப்பது நல்லது.

படி 4: சுத்தம்

சீக்கிரம் முடியும் வேலை. மென்மையான தூரிகையும் வாக்குவம் கிளீனரும் தூசியை எடுக்கும். சுழற்றும் வேபர் சுவிட்சுகளுக்கும் வால்வு சாக்கெட்டுகளுக்கும் எச்சமில்லாத கான்டாக்ட் கிளீனரைத் துளித் துளியாக விடுங்கள், பீய்ச்ச வேண்டாம். பேக்கலைட் தட்டு உறிஞ்சிக்கொள்ளும். துருப்பிடித்த திருகுக்கு விடும் எண்ணெயைச் சுவிட்சுக்குள் விடவே கூடாது. முன்பலகையின் எழுத்துகள் அச்சிட்டவை, அம்மோனியா கலந்த திரவம் பட்டால் எழுத்து போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ஒவ்வொரு வால்வையும் கழற்றும் முன் அதன் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வின் கண்ணாடியில் உள்ள எண் தேய்த்தால் அழிந்துவிடும். அங்கே கை வைக்க வேண்டாம்.

படி 5: மின்சாரம் கொடுக்கும் முன்பே மாற்ற வேண்டியவை

பழைய பாகங்கள் எல்லாம் கெட்டுப்போவதில்லை, ஒரே மாதிரியும் கெட்டுப்போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் அனாவசியமாக நூறு பாகம் மாற்ற வேண்டியதில்லை.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உள்ளே வறண்டுபோகும். மின்னழுத்தத்தை மணிக்கணக்கில் மெல்ல ஏற்றி அவற்றைப் பழக்கித் தேற்றலாம் என்பார்கள். சிறு ரிசீவருக்குச் சரி. 700 வோல்ட் பெட்டியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய அலுமினிய டப்பாவைப் பார்வைக்காக அங்கேயே விட்டுவிட்டு, புதியவற்றை அடியில் பொருத்தலாம். ஆனால் பழையதன் இணைப்பை முழுதாகத் துண்டித்துவிடுங்கள், இரண்டையும் இணையாக விட்டால் கசிவு தொடரும்.

காகிதக் கெப்பாசிட்டர்கள், அதிலும் மெழுகிலும் கறுப்பு அச்சு உடலிலும் வந்தவை, கசியும். 1950-களின் செட் என்றால் பார்த்தவுடன் மாற்றலாம். செராமிக் டிஸ்க், மைக்கா இரண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள்.

கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி மதிப்பு ஏறும், இறங்குவது குறைவு. இங்கே ஒரு சுலபமான உத்தி உண்டு. சர்க்யூட்டிலிருந்து கழற்றாமலே, கெப்பாசிட்டர்களை வடித்துவிட்டு, அளந்து பாருங்கள். இணையாக வேறு பாதைகள் இருந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்ட வழியில்லை. ஆகவே எழுதிய மதிப்பைவிட இருபது சதவீதம் அதிகம் காட்டும் ரெசிஸ்டர் சந்தேகமே இல்லாமல் கெட்டது. குறைவாகக் காட்டுவதை மட்டும் ஒரு காலை எடுத்துவிட்டு மறுபடி அளந்தால் போதும். ஹெச்டபிள்யூ-101-இன் பலகைகளில் இந்தச் சோதனையிலேயே ஐந்தாறு பிடிபடும்.

செலினியம் ரெக்டிஃபையர், அதாவது சதுரத் தகடுகளை அடுக்கிய பாகம், உங்கள் செட்டில் இருந்தால் மாற்றிவிடுங்கள். அது எரிந்தால் கிளம்பும் புகை நச்சு, நாற்றம் நாள் கணக்கில் போகாது. சிலிகான் டயோடு வைத்தால் மின்னழுத்தம் கூடும், ஏனென்றால் செலினியம் தனக்குள் இழந்த வோல்ட்டைச் சிலிகான் இழப்பதில்லை. தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துப் புத்தகத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பலகைகளில் வேலை செய்யும்போது பொறுமை தேவை. செப்புத் தடம் அதிகச் சூட்டில் உரிந்துவிடும். சூடு கட்டுப்படுத்தும் அயர்ன், ஈயம் கலந்த ரோசின் சால்டர், உறிஞ்சு பின்னல். ஒரே இடத்தில் மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்க வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

எவ்வளவு மாற்றுவது என்பதில் ஹாம்களிடையே ஓயாத சண்டை. எல்லாவற்றையும் உருவிப் புதிதாக்குபவர்களும் உண்டு, ஒரு கம்பியையும் தொடவிடாதவர்களும் உண்டு. என் கட்சி இடையில். பாதுகாப்புக்கும் சீராக ஓடுவதற்கும் வேண்டியதை மாற்றுவேன். கட்டியவர் நேர்த்தியாகப் பற்றவைத்த முனையை, பக்கத்து முனை கெட்டுவிட்டது என்பதற்காகத் தொட மாட்டேன். அவர் கம்பியை முனையில் சுற்றிய விதம், ரெசிஸ்டரின் நிறப்பட்டைகள் எல்லாம் ஒரே திசை பார்க்க வைத்த நுணுக்கம் எல்லாம் இந்தச் செட்டில் மட்டுமே இருப்பவை. இன்னொரு 101-இல் கிடைக்காது.

படி 6: முதல் மின்சாரம்

நேராகச் சுவரில் செருகாதீர்கள். செட்டுக்குத் தொடராக ஒரு பழைய இழை பல்பு, 60 அல்லது 100 வாட், வையுங்கள். எல்இடி உதவாது; இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும் குணம்தான் இங்கே வேலை செய்கிறது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து செட்டைக் காப்பாற்றும். நல்ல செட் என்றால் பளிச்சென்று மின்னி, பிறகு மங்கும்.

முதலில் மின்பெட்டியை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். செட்டோடு சேர்க்கும்போது 6146 வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் ஏற்றுங்கள். மூக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தூசி சூடாகும் மணம், பழைய ரோசினும் மெழுகும் இளகும் மணம் இரண்டும் இயல்பானவை. இந்தப் பொழுதுபோக்கின் சுகமே அதில் பாதி இருக்கிறது. மீன் அழுகிய நெடியோ, கருகிய பெயின்ட் நெடியோ வந்தால் உடனே பிடுங்குங்கள்.

படி 7: மின்னழுத்த அட்டவணையோடு நடப்பது

புத்தகத்தின் பின்பக்கங்களில் ஒவ்வொரு வால்வின் ஒவ்வொரு காலிலும் இருக்க வேண்டிய வோல்ட்டும் ஓமும் அட்டவணையாக இருக்கும். அவை 11 மெகாஓம் உள்ளீடுள்ள வால்வு வோல்ட்மீட்டரால் அளந்தவை. இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். பழைய முள் மீட்டரால் அளந்தால் கிரிட் (வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) முனைகளில் குறைத்துக் காட்டும். இல்லாத கோளாறைத் தேடி அலைய நேரிடும்.

ஒரு வால்வின் கட்டுப்பாட்டுக் கிரிட்டில் பூஜ்யமோ எதிர்மறையோ இருக்க வேண்டிய இடத்தில் நேர்மறை வோல்ட் தெரிந்தால், முந்தைய கட்டத்திலிருந்து வரும் இணைப்புக் கெப்பாசிட்டர் கசிகிறது என்று பொருள். திரைக் கிரிட்டில் வோல்ட் மிகக் குறைவு என்றால் அதற்கு ஊட்டும் ரெசிஸ்டர் ஏறியிருக்கும். மின்னோட்டம் கிளம்பும் கேத்தோடு முனையில் ஒன்றுமே இல்லை என்றால் வால்வு செத்திருக்கலாம், அல்லது சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கலாம். அட்டவணையிலிருந்து இருபது சதவீதம் வரை விலகல் இயல்பு. அதற்கு மேல் போனால் நின்று காரணம் தேடுங்கள்.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் செட் ஊமை என்றால், கட்டியவரைச் சந்தேகிக்கும் நேரம் இது. அந்தக் கட்டத்துக்கான பக்கத்தைத் திறந்து, புதிதாகக் கட்டுபவர்போல வரி வரியாக மறுபடி டிக் போட்டுக்கொண்டே போங்கள், பென்சில் நிறத்தை மட்டும் மாற்றி. ஐம்பது ஆண்டாகத் தவறான துளையில் உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டர் அகப்படுவது கதையல்ல. ஒருநாளும் சரியாக ஓடாத செட் என்பதாலேயே அது பரணில் புதுக்கருக்குக் குலையாமல் தூங்கியிருக்கும்.

படி 8: சீரமைப்பு

இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் நல்ல செட்டைக் கெடுக்கிறார்கள். காயிலைச் சரியான அலைவரிசைக்குக் கொண்டுவரத் திருகும், உள்ளே இருக்கும் ஃபெரைட் மரை எளிதில் நொறுங்கும். உலோக அலன் கீயை விட்டால் மரை வெடித்துச் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கருவி மட்டும். இறுகியிருந்தால் லேசாக வெதுவெதுப்பாக்கிப் பாருங்கள், அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். திருகும் முன் மரையின் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

கிட்டின் சீரமைப்பு, கருவியே இல்லாதவரும் செய்யும்படி எழுதப்பட்டது. செட்டின் சொந்த மீட்டரே அளவுகோல். அந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். ஆஸிலேட்டர்களின் அலைவரிசையைப் பார்க்க மட்டும் ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டர் இருந்தால் நேரம் மிச்சம்.

பிறகு 6146-களை ஏற்றுங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும். 6146பி என்று போட்டவற்றின் உள் கெப்பாசிட்டன்ஸ் சற்று வேறு என்பதால் பழைய செட்டில் அப்படியே செருகினால் சில நேரம் தானாகவே அலை உண்டாக்கத் தொடங்கும். கிரிட்டின் நிலையான வோல்ட்டை அமைக்கும் பயஸைத் திருப்பி ஓய்வு மின்னோட்டத்தை ஹெச்டபிள்யூ-101-இலும் எஸ்பி வரிசையிலும் 50 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள்.

வால்வு மாற்றினால் நியூட்ரலைசேஷன் செய்தே ஆக வேண்டும். பிளேட்டிலிருந்து (வால்வில் மின்னோட்டம் வந்து சேரும் தகடு) கிரிட்டுக்கு வால்வின் உள்ளேயே கொஞ்சம் சிக்னல் திரும்பிக் கசிகிறது. அதற்கு நேர் எதிராகச் சம அளவைத் திருப்பி ஊட்டி அடக்குவதுதான் அந்த வேலை. சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை: பிளேட் டியூனிங்கைச் சுழற்றும்போது மின்னோட்டம் குழியும் இடமும், வெளிவரும் பவர் உச்சம் தொடும் இடமும் ஒன்றாக வர வேண்டும். இரண்டும் தள்ளித் தள்ளி வந்தால் இன்னும் அடங்கவில்லை.

படி 9: டம்மி லோடிலிருந்து ஆண்டெனாவுக்கு

இவை எல்லாவற்றையும் டம்மி லோடில், அதாவது ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கி வெப்பமாக்கும் ரெசிஸ்டரில், செய்யுங்கள். ஹீத்கிட்டே கேன்டெனா என்று ஒன்று விற்றது: பெயின்ட் டப்பா போன்ற கேலன் தகரத்துக்குள் 50 ஓம் ரெசிஸ்டர், சுற்றிலும் எண்ணெய், ஒரு கிலோவாட் வரை தாங்கும். பழைய கேன்டெனா எண்ணெயோடு கிடைத்தால் எச்சரிக்கை. அக்காலத்து டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. கையால் தொடவோ சாக்கடையில் கொட்டவோ கூடாது. உள்ளூர் அபாயக் கழிவு விதிப்படி ஒப்படைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.

டியூன் செய்யும்போது பத்து வினாடிக்கு மேல் கீயை அழுத்தி வைக்காதீர்கள். குழிவு, லோட், மறுபடி குழிவு என்று விரல் பழகும்வரை அழுத்தி, விட்டு, மூச்சு வாங்கி, அழுத்துங்கள். பிளேட் சிவந்து தெரிந்தால் உடனே விடுங்கள்.

மோர்ஸ் கீ விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கேத்தோடு வழியாகக் கீ செய்யும் பழைய ட்ரான்ஸ்மிட்டரில் கீயின் முனையில் கணிசமான வோல்ட் நிற்கும். அதில் இன்றைய எலக்ட்ரானிக் கீயரை நேரடியாக இணைத்தால் கீயரின் ட்ரான்ஸிஸ்டர் செத்துப்போகும். இடையில் ஒரு ரிலே போடுங்கள். உலோகக் கைகீயாக இருந்தால் உங்கள் விரல் அந்த வோல்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கிலும் இதேபோல: ஹெச்டபிள்யூ-101 எதிர்பார்ப்பது உயர் இம்பீடன்ஸ் மைக். இன்றைய 600 ஓம் மைக்கைச் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். சிறு மேட்சிங் டிரான்ஸ்பார்மர் அதைத் தீர்க்கும்.

ஆண்டெனாவை மாட்டும் முன் உரிமம் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 30, 17, 12 மீட்டர் பட்டைகள் 1979 உலக மாநாட்டுக்குப் பின் வந்தவை, ஆகவே இந்தச் செட்களில் இருக்காது. பேசும் முன் அரை மணி நேரம் செட்டைச் சூடாக விடுங்கள். அலைவரிசை நகர்வு பெரும்பாலும் அந்த முதல் அரை மணியில்தான். அதற்குப் பிறகும் நகர்ந்தால் விஎஃப்ஓ (அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர்) பெட்டியின் மூடித் திருகுகளையும் எர்த்தையும் முதலில் பாருங்கள், பாகங்களை மாற்றுவது கடைசி.

அமெரிக்காவில் ஏஎம் ரசிகர்கள் 3.885, 7.290 மெகாஹெர்ட்ஸ் சுற்றிக் கூடுகிறார்கள். மற்ற நாடுகளில் அந்தந்த பட்டைத் திட்டத்தைப் பாருங்கள். மோர்ஸ்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஜனவரி 1, உலக நேரப்படி முழுநாளும், அமெரிக்க ரேடியோ ரிலே லீக் கைகீ இரவு நடத்துகிறது. அன்று பட்டையில் கேட்கும் சிக்னல்களில் கொஞ்சம் கீச்சு இருக்கும், கொஞ்சம் நகர்வு இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உதிரிக்கு ஒரு ஜோடி 6146, கடைசிக் கட்டத்தை ஓட்டும் ஒரு 6சிஎல்6 டிரைவர் வால்வு, சில பியூஸ்கள் எடுத்து வையுங்கள். நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் புத்தகத்தின் ஓரத்தில் தேதியோடு எழுதுங்கள், பழைய டிக் குறிகளின் மேல் எழுதாமல்.